நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும்!

டான்யூப் நதிக் கப்பலில் போகிறவர்கள் ஆஸ்திரியாவில் கரையிறங்கும் ஒரு பகலைப் பற்றித்தான் இந்த முறை அத்தனை கேள்விகளும். காலையில் மெல்க் மடாலயம், மதியம் டூர்ன்ஸ்டைன், இரண்டுக்கும் நடுவே வாஹாவ் பள்ளத்தாக்கு. கேளுங்கள், சொல்கிறேன்.

விருதுநகர் வாசகர்: பத்தே நாளில் ஐரோப்பா முழுக்கப் பார்த்துவிட முடியுமா?

டான்யூபின் நீளம் ஏறக்குறைய 2,850 கிலோமீட்டர். ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் பிறந்து கருங்கடலில் விழுவதற்குள் 10 நாடுகளைத் தொடுகிறது. இத்தனை நாடுகளைத் தொடும் நதி உலகில் வேறு கிடையாது. அந்த நதித் தண்ணீராலேயே பத்து நாளில் போய்ச் சேர முடியவில்லை. உங்களுக்கு என்ன அவசரம்? ஒரு பள்ளத்தாக்கை ஒழுங்காகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தூத்துக்குடி வாசகி: கடல் கப்பலா, நதிக் கப்பலா?

கடல் கப்பலில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், நதிக் கப்பலில் பெரும்பாலும் இருநூறுக்குள். கடல் கப்பல் ஊருக்கு வெளியே துறைமுகத்தில் இறக்கிவிடும். நதிக் கப்பல் ஊர் வாசலிலேயே கட்டும். எந்நேரமும் இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும், குமட்டல் கிடையாது. ஊர் பார்க்கப் போகிறவருக்கு நதிதான். நீச்சல் குளமும் கேளிக்கையும் வேண்டுமென்றால் கடலுக்குப் போங்கள்.

பொறியியல் மாணவர், கோவை: நதிக் கப்பல்கள் எல்லாம் ஏன் பென்சில் டப்பா மாதிரி ஒல்லியாக, நீளமாக இருக்கின்றன?

பெரிய நதிக் கப்பலின் நீளம் 135 மீட்டர், அகலம் சுமார் 11.4 மீட்டர். காரணம், மைன் நதியிலும் அதை டான்யூபோடு இணைக்கும் கால்வாயிலும் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளின் அகலம் 12 மீட்டர்தான். இரு பக்கமும் ஒரு முழம்கூட மிச்சம் இருக்காது. மாலுமி உரசாமல் நுழைப்பதை மேல் டெக்கில் நின்று பாருங்கள், அது தனி வித்தை. பாலம் தாழ்வாக வந்தால் மாலுமி அறையே கீழே இறங்கிக்கொள்ளும்.

ரைனையும் டான்யூபையும் இணைக்க 793-லேயே சார்லிமேன் பேரரசர் கால்வாய் வெட்டத் தொடங்கினார். இன்றைய மைன்–டான்யூப் கால்வாய், 171 கிலோமீட்டர், 1992-ல்தான் முழுமையாகத் திறந்தது. நம் ஊர் மேம்பாலம் தாமதம் என்று இனி யாரும் புலம்பக் கூடாது.

சேலம் வாசகர்: பால்கனி கேபினுக்குக் கூடுதல் பணம் கட்டினேன். காலையில் திரையை விலக்கினால் எதிரே வேறொருவர் பல் துலக்குகிறார். இது என்ன நியாயம்?

கரையில் இடம் குறைவு, கப்பல் அதிகம். அதனால் இரண்டு, மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கட்டுவார்கள். கரைக்குப் போக அடுத்த கப்பலின் வரவேற்பறை வழியாகவே நடந்து போக வேண்டும். திரையை மூடுங்கள், கீழே இறங்குங்கள். நீங்கள் பார்க்க வந்தது கரையில் இருக்கிறது.

சென்னை வாசகி: கரையிறங்கும்போது பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் போக வேண்டுமா?

பெரும்பாலும் கப்பல் ரிசப்ஷனில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். உங்களுக்குத் தருவது ஓர் அட்டை. இறங்கும்போது காட்டினால் ‘வெளியே’, திரும்பும்போது காட்டினால் ‘உள்ளே’. அதை வைத்துத்தான் ஆள் கணக்கு. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் விசா நகலும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பஸ்ஸாவ், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட் எல்லாமே ஷெங்கன் விசாவில் அடங்கும். செர்பியாவின் பெல்கிரேட் வரை போகிற கப்பலென்றால் பலமுறை நுழைவு விசாவா என்று பார்த்து வாங்குங்கள். செர்பியா ஷெங்கனுக்கு வெளியே.

மயிலாடுதுறை வாசகர்: காதில் ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்களே, அது எதற்கு?

கைடு கத்தாமல் பேசுவதற்கு. அவர் ஐம்பது மீட்டர் முன்னால் போனாலும் காதில் கேட்கும். பிரச்சினை என்னவென்றால், சத்தம் கேட்கிறவரை நாம் கூட்டத்தோடுதான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். கரகரவென்று இரைச்சல் வந்தால் கைடு தூக்கிப் பிடித்திருக்கும் எண் பலகையைத் தேடி ஓடுங்கள்.

தென்காசி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: மெல்க் மடாலயத்தின் சிறப்பு என்ன? சுருக்கமாக.

1089 முதல் அங்கே பெனடிக்டின் துறவிகள் இருக்கிறார்கள். ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் இடைவிடாமல். இப்போது நாம் பார்க்கும் மஞ்சள் மாளிகை 1702-ல் தொடங்கி 1736-ல் முடிந்தது. கட்டச் சொன்னவர் மடாதிபதி பெர்த்தோல்ட் டீட்மாயர், கட்டியவர் யாகோப் பிராண்ட்டாவர். பிராண்ட்டாவர் 1726-ல் காலமாகிவிட்டார், மிச்சத்தை யோசப் முங்கெனாஸ்ட் முடித்தார்.

தலைமையாசிரியராக இருந்த உங்களுக்குப் பிடிக்கும் செய்தி ஒன்று. உள்ளே பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது, சுமார் 900 பிள்ளைகள். சுற்றுலாப் பயணிகள் தங்கக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஓடுவார்கள். நான் மெல்க்கில் மிகவும் நேசிப்பது இதைத்தான். அந்த மடம் காட்சிப்பொருளாகிவிடவில்லை, வேலை செய்கிறது.

நாகர்கோவில் வாசகி: அங்கே பளிங்கு மண்டபம் இருக்கிறதாமே?

இருக்கிறது. தொட்டுப் பாருங்கள். கதவு நிலைகள் மட்டும் உண்மையான பளிங்கு. சுவர்களெல்லாம் பளிங்கு போலப் பூசிய சுதை. பளிங்கு தொட்டால் சில்லென்றிருக்கும், சுதை அப்படியிருக்காது. கண்ணை ஏமாற்றிய கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்.

ஈரோடு வாசகர்: அரசர்கள் வந்து தங்குவார்களாமே?

பேரரசர் குடும்பம் வந்தால் தங்குவதற்கென்றே ஒரு பகுதி. அதன் நடைபாதை மட்டும் 196 மீட்டர் நீளம், சுவர் முழுக்க ஆஸ்திரியாவை ஆண்டவர்களின் ஓவியங்கள். பேரரசி மரியா தெரேசா வந்திருக்கிறார். 1805-லும் 1809-லும் நெப்போலியன் வந்து தங்கினார். அவரை யாரும் அழைக்கவில்லை.

திருச்சி வாசகர்: மொழி தெரியாத ஊரில் தனியாகச் சுற்றினால் ஆபத்தா?

இன்று இல்லை. 1012-ல் ஆபத்து. கோலமன் என்ற அயர்லாந்து யாத்ரீகர் புண்ணிய பூமிக்கு நடந்து போகிற வழியில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஸ்டாக்கரௌ என்ற ஊரில் மாட்டினார். உடை வித்தியாசம், ஜெர்மன் தெரியாது. ‘ஒற்றன்’ என்று முடிவு கட்டித் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

உடல் அழுகவில்லை என்று பேச்சுக் கிளம்பியது. 1014-ல் அதை மெல்க்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதே கோலமன் 1663 வரை ஆஸ்திரியாவின் காவல் புனிதர். மடாலயக் கோவிலில் அவர் கல்லறை இருக்கிறது. மொழி தெரியாத யாத்ரீகர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் நிற்க வேண்டிய இடம் அது.

வேலூர் வாசகி: கோவிலுக்குள் கண்ணாடிப் பெட்டியில் எலும்புக்கூட்டுக்குப் பட்டாடை உடுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளை பயந்துவிட்டது. யார் அவர்கள்?

ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலிருந்து எடுத்து வந்த எலும்புகள். உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. கிளெமென்ஸ், ஃபிரெடரிக் என்று இவர்களாக வைத்த பெயர்கள். பெயரே தெரியாதவருக்குப் பட்டும் பீடமும் கொடுத்திருக்கிறார்கள் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், பயம் போய்விடும்.

கும்பகோணம், நூலகர்: நூலகம் பற்றி ஒரு வார்த்தை?

சுமார் ஒரு லட்சம் நூல்கள், அவற்றில் 1,800-க்கு மேல் கையெழுத்துப் பிரதிகள். கூரையில் பவுல் டிரோகர் தீட்டிய ஓவியம். ஒரு குறை: அச்சுக்கலையின் தலைப்பிள்ளையான குட்டன்பெர்க் பைபிளின் பிரதி ஒன்று இங்கே இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணமுடையில் 1926-ல் விற்றார்கள். இன்று அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில். நூலகரான உங்களுக்கு மனசு வலிக்கும், எனக்கும் வலிக்கிறது.

புதுச்சேரி வாசகர்: உம்பெர்த்தோ எக்கோவின் நாவலுக்கும் மெல்க்குக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1980-ல் வந்த ‘ரோஜாவின் பெயர்’ நாவலில் கதை சொல்லும் துறவி, மெல்க்கைச் சேர்ந்த அட்சோ. ஆனால் கொலைகள் நடப்பது இத்தாலி மடத்தில். மெல்க் நூலகத்தில் தாராளமாக நடக்கலாம்.

கல்லூரி மாணவி, மதுரை: மெல்க்கில் கைடு சொல்லாமல் விடுகிற செய்தி ஏதாவது?

இருக்கிறது. எல்லாக் கைடும் விடுவதில்லை, ஆனால் ஒன்றரை மணி நேரச் சுற்றில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. 1944 ஏப்ரல் முதல் 1945 ஏப்ரல் வரை இதே ஊரின் ராணுவக் குடியிருப்பில் நாஜிகளின் மௌட்ஹவுசன் வதைமுகாமின் கிளை நடந்தது. 14,000-க்கு மேற்பட்ட கைதிகளைக் கொண்டுவந்து, போர்த் தளவாட ஆலைக்காக மலைக்குள் சுரங்கம் குடைய வைத்தார்கள். ஓராண்டில் ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள்.

பிணம் எரித்த கட்டடம் நினைவிடமாக நிற்கிறது. மடாலயம் இருக்கும் அதே ஊர், அதே ஆற்றங்கரை. மாளிகையைப் பார்க்க நேரம் ஒதுக்குகிறவர்கள் இதற்கும் ஒதுக்குங்கள். வழி கேட்டால் ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

திண்டுக்கல் வாசகர்: மெல்க்கிலிருந்து டூர்ன்ஸ்டைன் வரை கப்பல் டெக்கில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

உட்காரவே கூடாது. ஒன்றரை மணி நேரம் போல ஆகும் பயணம், இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருங்கள். வலது கரையில் முதலில் பாறை மேல் ஷோன்பூல் மாளிகை. பிறகு ஆற்றுக்கு 300 மீட்டர் உயரத்தில் ஆக்ஸ்டைன் கோட்டை இடிபாடு. அந்தக் கோட்டைப் பிரபு கைதிகளை ஒரு பாறை விளிம்பில் நிறுத்தி, ‘பட்டினி கிட, இல்லாவிட்டால் குதி’ என்பானாம். அந்த இடத்துக்கு ரோஜாத் தோட்டம் என்று பெயர் வேறு. கர்ணபரம்பரைக் கதைதான், ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

இடது கரையில் வில்லெண்டார்ஃப், ஸ்பிட்ஸ், வைஸன்கிர்ஹன், கடைசியில் டூர்ன்ஸ்டைன். இந்த 36 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு முழுவதையும் 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கடலூர் வாசகர்: ஆற்றங்கரையில் ‘2036’, ‘2009’ என்று எண் போட்ட பலகைகள் தெரிகின்றன. வருஷமா?

கிலோமீட்டர். மெல்க் ஏறத்தாழ 2036, டூர்ன்ஸ்டைன் ஏறத்தாழ 2009. சில நதிகளை மேலிருந்து கீழாக அளப்பார்கள். டான்யூபைக் கருங்கடல் முகத்திலிருந்து மேல்நோக்கி அளக்கிறார்கள். அதனால் பயணம் போகப் போக எண் குறையும். விடுமுறையும்தான்.

ராமநாதபுரம் வாசகி: வில்லெண்டார்ஃபில் என்ன விசேஷம்?

1908-ல் அங்கே ரயில் பாதை போடும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு பெண் சிலை கிடைத்தது. 11 சென்டிமீட்டர் உயரம், சுண்ணாம்புக் கல், வயது ஏறத்தாழ 30,000 ஆண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். முகம் செதுக்கவில்லை, தலை முழுக்க வரிவரியாகப் பின்னல். உடம்பில் செங்காவி பூசிய தடயம். அசல் வியன்னா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், ஊரில் இருப்பது நகல்.

2022-ல் வெளிவந்த ஆய்வு, அந்தக் கல் வட இத்தாலியைச் சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்கிறது. அப்படியானால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து டான்யூப் கரைக்கு வந்த ஆதிப் பயணி இவள்தான். விசா கேட்க அன்றைக்கு யாரும் இல்லை.

ஓசூர் வாசகர்: டான்யூப் நீல நிறமா?

யோஹான் ஸ்ட்ராஸ் 1867-ல் நீலம் என்று இசையமைத்தார், உலகம் நம்பிவிட்டது. நான் பார்த்தவரை பச்சை, மழை பெய்தால் பழுப்பு. நல்ல வெயிலில், தூரத்தில், நல்ல மனநிலையில் நீலம்.

தஞ்சாவூர், விவசாயி: இவ்வளவு தண்ணீர் ஓடுகிறதே, அங்கே அணை கட்டவில்லையா?

மேலே கட்டியிருக்கிறார்கள். மெல்க்குக்குச் சற்று மேலேயே 1982-ல் முடிந்த மின்நிலைய அணை இருக்கிறது. வாஹாவுக்குள்ளும் கட்டத் திட்டம் போட்டார்கள். பள்ளத்தாக்கு மக்கள் 1970-களிலும் 80-களிலும் எதிர்த்து நின்று விரட்டிவிட்டார்கள். இன்று ஆஸ்திரியாவில் டான்யூப் தடையில்லாமல் ஓடுவது இரண்டே இடங்களில்: ஒன்று வாஹாவ், இன்னொன்று வியன்னாவுக்குக் கிழக்கே.

நீங்கள் டெக்கில் நின்று பார்க்கும் மணல் திட்டு, நீர்ச்சுழி, கரையோர வில்லோ மரம் எல்லாம் அந்த மக்கள் போராடி மிச்சம் வைத்தவை. யுனெஸ்கோ பட்டயம் அதற்கப்புறம் வந்தது.

காஞ்சிபுரம் வாசகர்: மலைச்சரிவில் படிப்படியாகக் கல் அடுக்கியிருக்கிறார்களே, சிமென்ட் பூசவில்லையா?

பூசினால் கெட்டுவிடும். சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்கள் அவை. மழைத் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் திராட்சைக் கொடிக்குச் சூடு கொடுக்கும். செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது, இன்றும் கையால்தான் அறுவடை.

பெயர் வெளியிட விரும்பாதவர், கரூர்: அந்த ஊர் ஒயின் எப்படி? மூன்று விதமாக எழுதியிருக்கிறதே?

ஸ்டைன்ஃபெடர் இளசு, 11.5 சதவீதத்துக்கு மேல் போகாது. ஃபெடர்ஷ்பீல் நடுத்தரம், 12.5 வரை. ஸ்மராக்ட் 12.5-க்கு மேல். மதியம் கோட்டை ஏறப் போகிறவர் மூன்றாவதைத் தொட வேண்டாம். பெயரை மறைத்துக்கொண்டீர்கள், தள்ளாட்டத்தை மறைக்க முடியாது.

பழநி வாசகி: ஒயின் தொடாத எனக்கு வாஹாவில் என்ன இருக்கிறது?

ஆப்ரிகாட்! அங்கே மரில்லெ என்பார்கள். பள்ளத்தாக்கில் ஒரு லட்சம் மரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஜூலை நடுவில் பழுக்கும். கரையோரக் கடையில் கூடையில் விற்கும் பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வெயில் பட்ட பக்கம் சிவந்திருக்கும், மெத்தென்று அமுங்கும், இரண்டாகப் பிளந்தால் கொட்டை ஒட்டாமல் கழன்று வரும்.

முழுப் பழத்தை மாவுக்குள் வைத்து வேகவைத்து, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டித் தரும் உருண்டை ஒன்று உண்டு, மரில்லென்க்னோடல். கடித்ததும் உள்ளே பழம் கொதிக்கும், நாக்கு பத்திரம். டூர்ன்ஸ்டைன் வந்து இதைச் சாப்பிடாமல் திரும்பினவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

கொடைக்கானல் வாசகர்: ஆப்ரிகாட் பூக்கும் காலம் எது?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். இரண்டே வாரம் போல நிற்கும். அப்போது இரவில் உறைபனி விழுந்தால் வருஷம் போச்சு. விவசாயிகள் தோப்பில் மெழுகு வாளிகளை வரிசையாகக் கொளுத்திவிட்டு விடிய விடியக் காவல் இருப்பார்கள். மறுநாள் காலை பூக்களோடு படம் எடுத்துக்கொள்ளும்போது, தூங்காத கண்ணோடு ஒருவர் பக்கத்தில் நின்றால் வணக்கம் சொல்லுங்கள்.

சிவகங்கை வாசகர்: இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை டூர்ன்ஸ்டைனில் ஏன் அடைத்தார்கள்?

கொடிக்காக. 1191-ல் சிலுவைப் போரில் ஆக்கர் கோட்டை விழுந்தது. ஆஸ்திரிய கோமகன் ஐந்தாம் லியோபோல்ட் தன் கொடியையும் மதிலில் ஏற்றினார். ரிச்சர்டின் ஆட்கள் அதைப் பிடுங்கிக் கீழே எறிந்தார்கள். லியோபோல்ட் வாய் பேசாமல் ஊர் திரும்பினார்.

மறு வருஷம் ரிச்சர்ட் கப்பல் உடைந்து, மாறுவேஷத்தில் நிலவழியாக ஊருக்குப் போகப் பார்த்தார். வேறு பாதை இல்லாமல் அதே லியோபோல்ட் நாட்டுக்குள் நுழைந்து, 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டார். குன்றின் மேலிருந்த டூர்ன்ஸ்டைன் கோட்டைக்கு அனுப்பினார்கள். பிறகு பேரரசர் ஆறாம் ஹைன்ரிக் கைக்கு மாற்றி விலை பேசினார்கள்: 1,50,000 மார்க் வெள்ளி. அதில் 1,00,000 மார்க், 23 டன்னுக்குக் குறையாத வெள்ளி, கொடுத்த பிறகுதான் 1194 பிப்ரவரியில் விடுதலை. இங்கிலாந்து மக்களிடம் வருமானத்தில் நாலில் ஒரு பங்கு வரி பிடுங்கினார்கள், கோவில்களின் வெள்ளிப் பாத்திரம்கூடத் தப்பவில்லை.

லியோபோல்டுக்குக் கிடைத்த பங்கில் வீனர் நொய்ஸ்டாட் என்ற புது ஊரே எழுந்தது, வியன்னாவின் மதில் விரிந்தது. ஆனால் சிலுவைப் போர் வீரரைச் சிறை வைத்ததற்காகப் போப்பாண்டவர் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். 1194 டிசம்பரில் குதிரை சரிந்து காலில் விழுந்தது, காலை வெட்டியும் பிழைக்கவில்லை. ஒரு துண்டுத் துணிக்கு இரண்டு நாடும் கொடுத்த விலை இது.

சினிமா உதவி இயக்குநர், வடபழநி: பாடகன் பிளாண்டல் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் ராஜாவைக் கண்டுபிடித்தானாமே? படம் எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம், வரலாறு என்று மட்டும் போட வேண்டாம். கதை எழுத்தில் வருவதே 1260 வாக்கில். ரிச்சர்ட் பிடிபட்ட செய்தியை 1192 டிசம்பர் முடிவதற்குள் பேரரசரே பிரெஞ்சு மன்னருக்குக் கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டார். ராஜா எங்கே என்று ஐரோப்பாவுக்கே தெரியும், கதாநாயகனுக்குத்தான் தெரியாது. உங்கள் படத்துக்கு அது ஒத்துவரும்.

அரியலூர் வாசகர்: அந்தக் கோட்டையை இடித்தது யார்?

1645-ல் சுவீடன் படை. முப்பதாண்டுப் போரின் கடைசிக் காலம். அதற்குப் பிறகு யாரும் திருப்பிக் கட்டவில்லை, நல்லதாகப் போயிற்று. பழைய சுவரும் காற்றும் கீழே ஆறும் போதும்.

நாமக்கல் வாசகி: டூர்ன்ஸ்டைனில் ஆற்றங்கரையில் நீலக் கோபுரம் தெரிகிறதே?

மடாலயக் கோவிலின் கோபுரம், நீலமும் வெள்ளையும். பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். கப்பல் வளைவு திரும்பும்போது மேலே இடிந்த கோட்டை, நடுவே ஊர், கீழே இந்த நீலம் மூன்றும் ஒரே பார்வையில் விழும். கேமராவை முன்கூட்டியே எடுத்து வையுங்கள், அந்த வளைவு யாருக்காகவும் நிற்பதில்லை.

சிதம்பரம் வாசகர்: அம்மாவுக்கு முழங்கால் வலி. அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள். பல கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்குத் தனிக் குழு போடுவார்கள், முதல் நாளே பெயர் கொடுங்கள். மெல்க்கில் பஸ் மேலே வரை விடும். டூர்ன்ஸ்டைனில் தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியது, கைத்தடி அவசியம். கோட்டை அம்மாவுக்கு வேண்டாம். அவரை ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்காரவைத்து ஆப்ரிகாட் உருண்டை வாங்கிக் கொடுங்கள். ‘அம்மாவால் முடியாது’ என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் மேல்தான் எனக்குக் கோபம்.

மாம்பலம் வாசகி: சுத்த சைவம். கரையில் என்ன சாப்பிடுவது?

ரொட்டி, சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லெ, காளான் வறுவல், உருளைக்கிழங்கு சாலட். சூப்பில் மட்டும் உஷார்: காய்கறி மிதந்தாலும் அடியில் மாட்டெலும்புச் சாறு இருக்கும். உருளைக்கிழங்கு சாலடிலும் சில கடைகளில் அதே சாறு. கேட்டுவிட்டு வாங்குங்கள். டூர்ன்ஸ்டைனில் 1905 முதல் சுடுகிற வாஹாவர் லாபர்ல் என்ற உருண்டை ரொட்டி உண்டு. மேலே மொறுமொறு, உள்ளே கம்பு வாசம். இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அரக்கோணம் வாசகர்: தண்ணீர் பாட்டில்?

காசைக் கரியாக்காதீர்கள். ஆஸ்திரியாவில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

அதே அரக்கோணம் வாசகர்: அந்தத் தண்ணீர் குடித்த பிறகு?

ஐம்பது சென்ட் நாணயம் இரண்டு மூன்று சட்டைப் பையில் இருக்கட்டும். பொதுக் கழிப்பறைக் கதவு கும்பிட்டால் திறக்காது.

திருப்பூர் வாசகர்: ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் கடை இருக்குமா?

ஆஸ்திரியாவில் ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. டூர்ன்ஸ்டைன் மாதிரிச் சுற்றுலா ஊரில் நினைவுப்பொருள் கடை திறந்திருக்கும், மாத்திரையும் பற்பசையும் கிடைக்காது. சனிக்கிழமையே வாங்குங்கள்.

பொள்ளாச்சி வாசகி: ஊருக்கு என்ன வாங்கி வரலாம்?

ஆப்ரிகாட் ஜாம். ஒரே எச்சரிக்கை: விமான நிலையத்தில் ஜாமும் திரவக் கணக்குதான். கைப்பையில் வைத்தால் பறிபோகும், பெட்டியில் போடுங்கள். துணி சுற்றி.

கடலூர், மீனவர் குடும்பம்: வெள்ளம் வருமா?

வரும். 2013 ஜூனில் பஸ்ஸாவில் 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு அவ்வளவு உயரம் வந்ததில்லை. 2002, 2024-லும் வாஹாவ் தத்தளித்தது. ஊர்ச் சுவர்களில் வருஷம் போட்டு நீர்மட்டக் கோடு கீறியிருப்பார்கள், பக்கத்தில் நின்று உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எச்சரிக்கை வந்தால் அலுமினியப் பலகைகளை அடுக்கிச் சில மணி நேரத்தில் மதிலே எழுப்பிவிடுகிறார்கள். வெள்ளம் வடிந்ததும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிடுவார்கள், ஆறு மறுபடி கண்ணுக்குத் தெரியும். கடற்கரையில் வாழ்கிற உங்களுக்கு அதன் அருமை புரியும்.

ஆவடி வாசகர்: தண்ணீர் குறைந்தால்?

கப்பல் தரை தட்டும். 2018, 2022 போன்ற வறட்சி ஆண்டுகளில் பயணிகளை நடுவழியில் பஸ்ஸில் ஏற்றி, மறுபக்கம் நிற்கும் அதே மாதிரி இன்னொரு கப்பலில் சேர்த்தார்கள். அறை எண் அதேதான் இருக்கும். பணம் கட்டும் முன் இந்த நிபந்தனையைப் படியுங்கள், பிறகு ரிசப்ஷனில் கத்தி என்ன பயன்?

செங்கல்பட்டு வாசகர்: கைடோடு போவதா, தனியாகச் சுற்றுவதா?

மெல்க்கில் கைடோடு. டூர்ன்ஸ்டைனில் தனியாக. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் காதில் கருவி எதற்கு? தெம்பிருந்தால் மெல்க்கிலிருந்து சைக்கிளில் புறப்படுங்கள். ஆற்றையொட்டியே பாதை, 30 கிலோமீட்டர் போல, ஏற்றம் அதிகமில்லை. பஸ்ஸாவிலிருந்து வியன்னா வரை போகும் புகழ்பெற்ற பாதையின் அழகான துண்டு அது. சில கப்பல்களில் சைக்கிளும் தருகிறார்கள்.

அம்பத்தூர் வாசகர்: தாமதமாகத் திரும்பினால் கப்பல் காத்திருக்குமா?

நாலு மணி என்றால் நாலு மணி. மதகுத் தொட்டிக்கும் அடுத்த ஊர்க் கரைக்கும் நேரம் வாங்கியிருப்பார்கள். தினமும் அறையில் வைக்கும் நிகழ்ச்சித் தாளில் கப்பலின் தொலைபேசி எண்ணும் அடுத்த நிறுத்தமும் இருக்கும், இறங்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் பதற வேண்டாம். பள்ளத்தாக்கில் பஸ் ஓடுகிறது, பக்கத்து ஊரான கிரெம்ஸிலிருந்து வியன்னாவுக்கு ரயில் இருக்கிறது. கப்பலை முந்திப் போய்க் கரையில் நிற்கலாம்.

விழுப்புரம் வாசகர்: ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

டூர்ன்ஸ்டைன் கோட்டை. மெல்க்கின் தங்கத்தைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம், இந்த மலைப்பாதையை நடந்தால்தான் கிடைக்கும். ஊர் மதிலை ஒட்டிப் பாதை தொடங்குகிறது. இருபது, முப்பது நிமிஷம் ஏற்றம், கல் உருளும், நல்ல ஷூ வேண்டும். மேலே போனதும் போனைப் பையில் போட்டுவிட்டு அரை மணி நேரமாவது உட்காருங்கள். அங்கே டிக்கெட் கிடையாது.